மலையகக் குடிநீர்த் திட்டங்களைத் திருத்த எந்த அரச நிதியை நாடுவது? தண்ணீர்ச் சங்கங்களுக்கான ஓர் ஒப்பீடு

இலங்கையின் மலையகத் தோட்டங்களிலும் அவற்றை அண்டிய கிராமங்களிலும் குடிநீர் பெரும்பாலும் சரிவின் உயரத்திலுள்ள ஊற்றொன்றிலிருந்து குழாய் வழியாகத் தானாகவே இறங்கி வருகிறது. அதற்கு மின்சாரமோ நீர்ப்பம்பியோ தேவையில்லை. இத்தகைய திட்டங்களில் பல, வெளிநாட்டுக் கடனுதவியுடன் அரசாங்கம் நடத்திய பெருந்திட்டங்களின் கீழ் உருவானவை. உலக வங்கியின் உதவியுடன் 1993 இல் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை ஆகிய மாவட்டங்களில் ஆரம்பமான சமூக நீர் வழங்கல் மற்றும் சுகாதாரத் திட்டம் அவற்றுள் முதலாவது. 2015 இல் 165 மில்லியன் டொலர் மதிப்பில் அங்கீகரிக்கப்பட்ட அடுத்ததொரு திட்டம் பதுளை, நுவரெலியா, இரத்தினபுரி, கேகாலை, மொனராகலை ஆகிய மாவட்டங்களுடன் வடக்கில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் உள்ளடக்கியது. கட்டுமானச் செலவின் ஒரு பகுதியை மக்கள் ஏற்க வேண்டும், பராமரிப்பு முழுவதையும் மக்களே ஏற்க வேண்டும் என்பது 1993 முதல் இத்திட்டங்களின் அடிப்படை விதியாக இருந்து வந்துள்ளது. கட்டி முடித்து இருபது ஆண்டுகள் கடந்த பிறகு குழாய்வழி முழுவதும் மாற்றப்பட வேண்டிய நிலை வரும்போது, நாட்சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் அந்தச் செலவை எப்படி ஏற்கும் என்பதற்கு அந்த விதியில் விடை இல்லை. ஆகவே அரச மானியத்தை நாடுவதைத் தவிர வேறு வழியில்லை. எந்த மானியத்தை நாடுவது என்பதை, திட்டத்தை நடத்தும் மக்களின் தண்ணீர்ச் சங்கம் நன்கு ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டும். தவறான கதவைத் தட்டிக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழிக்கும் தோட்டங்களில் அந்தக் காலம் முழுவதும் தண்ணீர் சுமப்பவர்கள் பெண்களும் பிள்ளைகளுமே.

முதலில் எது பழுதடைந்துள்ளது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். பழைய திட்டமொன்றின் குழாய்வழியே மேல்நோக்கி நடந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியான காட்சிகளே தென்படும். லயன்களுக்காக, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்காக, போடப்பட்ட குழாயிலிருந்து 7 பேர்ச் அளவுள்ள சிறு காணிகளில் எழுந்த புதிய வீடுகளுக்கும் கிளைகள் எடுக்கப்பட்டிருக்கும். அதனால் மேற்பக்கத்து வீடுகளில் காலை ஆறு மணிக்கே நீரோட்டம் நின்றுவிடும். தேயிலை நிரைகளுக்கு இடையில் மண் அரிக்கப்பட்டு வெளியே தெரியும் பிவிசி குழாயின் பொருத்துகளில் சைக்கிள் டியூப்பைக் கீலமாகக் கிழித்து இறுகச் சுற்றியிருப்பார்கள். சேமிப்புத் தொட்டியின் சுவரில் வெடிப்பு இருக்கும். ஊற்றடியில் உள்ள சேகரிப்புத் தொட்டியின் மூடி உடைந்து, உள்ளே இலைச்சருகும் மணலும் நிறைந்திருக்கும். பொருத்தும் வால்வும் மாற்றுவது சிறு பழுது. ஒரு கிலோமீற்றர் குழாய்வழியையோ தொட்டியையோ புதிதாக அமைப்பது நடுத்தரப் பழுது. ஊற்றே வற்றிப்போவதும், மண்சரிவில் சேகரிப்புத் தொட்டி அடித்துச் செல்லப்படுவதும் பெரும் பழுது. இந்த மூன்றுக்கும் ஒரே நிதி பொருந்தாது. பல சங்கங்கள் இதைப் பிரித்துப் பார்க்காமல் “எங்களுக்குத் தண்ணீர் வேண்டும்” என்று ஒரே கடிதத்தை எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்புகின்றன. அந்தக் கடிதத்துக்கு எந்த அலுவலகத்திலும் உரிய கோப்பு கிடையாது.

அடுத்து, காணி யாருடையது என்ற கேள்வி வருகிறது. கிராமத்துத் திட்டங்களுக்கு இது பெரிய தடையல்ல. தோட்டத்தில் இதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தோட்டக் காணிகள் அரசுக்குச் சொந்தமானவை. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகையாக மாறியது. ஊற்றும் தொட்டியும் குழாய்வழியும் கம்பனியின் குத்தகைக் காணியில் இருக்கும்போது, தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல இணக்கம் இல்லாமல் எந்த அரச அலுவலகமும் பணத்தை ஒதுக்கத் தயங்கும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை செலவு செய்வதற்கு நீண்ட காலமாகத் தடையாக நின்றது. 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகளும் உருவாகின. சட்டத்தின் தடை நீங்கிய பின்னரும் நிர்வாகத்தின் இணக்கக் கடிதத்தின் அவசியம் நீங்கவில்லை. நிதிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே சங்கம் பெற வேண்டிய முதல் ஆவணம் அதுவே.

இனி வழிகளை எடுத்துக்கொள்வோம். தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் 2014 இல் நிறுவப்பட்டது. மக்கள் அமைப்புகளால் நடத்தப்படும் குடிநீர்த் திட்டங்களுக்குத் தொழில்நுட்ப உதவி வழங்குவதும், பழைய திட்டங்களைப் புனரமைப்பதும், சங்கங்களைப் பதிவு செய்து வழிநடத்துவதும் அதன் வேலை. இங்கு பேசப்படும் அலுவலகங்களில் சமூகக் குடிநீருக்காகவே அமைந்தது இது ஒன்றுதான். நடுத்தரப் பழுதுக்கு முதலில் நாட வேண்டிய இடமும் இதுவே என்பது என் உறுதியான கருத்து. இங்கு பதிவு செய்யும் சங்கத்துக்கு ஒரு பெயரும், யாப்பும், வங்கிக் கணக்கும், கூட்ட அறிக்கைப் புத்தகமும் உருவாகின்றன. ஒரு முறை மானியம் கிடைக்காவிட்டாலும் இந்த ஆவணங்கள் வேறு எந்த அலுவலகத்துக்கும் செல்லுபடியாகும். திணைக்களத்தின் பொறியியல் உத்தியோகத்தர் வந்து ஊற்றின் அளவையும் சரிவின் உயர வேறுபாட்டையும் கணக்கிட்டு மதிப்பீடு தயாரித்தால், சரியான விட்டமுள்ள குழாய் சரியான இடத்தில் வரும். ஆர்வலர் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த குழாயைக் கண்ணளவில் போட்டு, அழுத்தம் தாங்காமல் அடுத்த ஆண்டே வெடித்த திட்டங்கள் மலையகத்தில் குறைவில்லை.

இந்த வழியின் குறை தாமதம். திணைக்களத்தின் ஆண்டு ஒதுக்கீடு நாடு முழுவதற்குமானது. வட மத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய்ப் பிரச்சினை போன்ற அவசரத் தேவைகளும் அதே நிதியை எதிர்பார்த்து நிற்கின்றன. 2022 இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையை அறிவித்ததன் பின்னர் மூலதனச் செலவு எங்கும் இறுக்கப்பட்டது. மக்களின் பங்களிப்பும் எதிர்பார்க்கப்படும். அது பெரும்பாலும் குழி தோண்டுதல், பொருட்களை மலைமேல் சுமத்தல் போன்ற உடலுழைப்பாகவே அமையும். வேலைநாளை இழந்து சிரமதானத்துக்கு வரும் தொழிலாளிக்கு அது பணம் கொடுப்பதற்குச் சமமானது என்பதைச் சங்க நிர்வாகிகள் மறக்கக் கூடாது. தினசரி ஊதியம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக உயர்ந்ததை வைத்துப் பார்த்தால், 80 குடும்பங்கள் தலா நான்கு நாட்கள் உழைப்பது 4,32,000 ரூபா பெறுமதியான பங்களிப்பு ஆகும். இந்தத் தொகையை விண்ணப்பத்தில் எண்ணாகவே குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது வழி பிரதேச சபை. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து, நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் சபைகளில் அமர்ந்துள்ளார்கள். வட்டாரத்தின் உறுப்பினர் உங்கள் தோட்டத்துக்கோ அடுத்த தோட்டத்துக்கோ உரியவராகவே இருப்பார். தண்ணீர் இல்லாததை அவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சபையின் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேற வேண்டும் என்பதால் கோரிக்கை எப்போது போக வேண்டும் என்பதும் தெளிவாக இருக்கிறது. தோட்டப்புறச் சபைகளின் சொந்த வருமானம் மிகக் குறைவு என்பதே இவ்வழியின் பலவீனம். கடைத்தெருவும் வரிமதிப்புள்ள கட்டடங்களும் குறைந்த பிரதேசத்தில் சபை எதைத் திரட்ட முடியும்? எனவே ஒரு தொட்டிக்கோ சில நூறு மீற்றர் குழாய்க்கோ சபையை நம்பலாம். முழுத் திட்டத்தையும் புதுப்பிக்கும் சுமையை அதன் மீது ஏற்றுவது சரியாகாது. மாகாண சபை ஊடாக வரும் மானியங்கள் சபைக்கு வலு சேர்க்கக்கூடும். மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் மாகாண சபைத் தேர்தல் பல ஆண்டுகளாக நடக்காமல் ஆளுநரின் கீழ் நிர்வாகம் நடப்பதால், அந்த மானியத்துக்காக மக்கள் பிரதிநிதியின் குரலில் வாதாட முடிவதில்லை.

மூன்றாவது வழியே தோட்டங்களில் மிகவும் பழக்கமானது. பாராளுமன்ற உறுப்பினரின் பரிந்துரையில் பிரதேச செயலகம் ஊடாகச் செலவிடப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி 1974 முதல் நடைமுறையில் உள்ளது. இது விரைவாக வரும். ஒரு கடிதமும் ஒரு சந்திப்பும் போதும் என்று பலர் நம்புவதற்கும் காரணம் உண்டு. பல தோட்டங்களின் தொட்டிகளில் பெயர்ப்பலகையுடன் நிற்பது இந்த நிதிதான். ஆனால் தொகை சிறியது. ஒரே நிதியிலிருந்து கோயில் மண்டபம், பாதை, பாலர் பாடசாலை, விளையாட்டுப் பொருட்கள் என எல்லாம் கேட்கப்படுகின்றன. திட்ட வடிவமைப்பு இந்த நிதியுடன் சேர்ந்து வருவதில்லை. குழாய் வந்து இறங்கும், எங்கே எப்படிப் போடுவது என்பது சங்கத்தின் பொறுப்பாகிவிடும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். யாருடைய ஆட்கள் எந்த லயனில் இருக்கிறார்கள் என்று பார்த்துக் குழாய் போடப்பட்டால், ஒரு ஊற்றைப் பகிர்ந்துகொள்ளும் தோட்டப் பிரிவுகளான மேற்கணக்கும் கீழ்க்கணக்கும் பகையாகிவிடும். அந்தப் பகை குழாயை விட நீண்ட காலம் நிலைக்கும். இந்த நிதியைச் சிறு பழுதுக்கும், பிற வழியில் வரும் மானியத்துக்குத் துணையாகப் பொருட்கள் வாங்கவும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

நான்காவதாகப் பெருந்தோட்டத்துக்கென்றே அமைந்த நிறுவனங்கள் உள்ளன. எல்லோரும் ‘ட்ரஸ்ட்’ என்று அழைக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் 1992 முதல் இயங்குகிறது. அதில் அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் உள்ளன. 2018 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் உருவாக்கப்பட்டது. பொறுப்பான அமைச்சு இப்போது பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சாகும். கம்பனியுடன் பேசுவதற்கு இந்த நிறுவனங்களுக்கு உள்ள வசதி வேறு எந்த அலுவலகத்துக்கும் இல்லை. நிர்வாகத்தின் இணக்கக் கடிதம் கிடைக்காமல் தடைப்பட்டு நிற்கும் சங்கம், பணம் கேட்பதற்காக இல்லாவிட்டாலும் அந்தக் கடிதத்துக்காகவாவது இவர்களை அணுக வேண்டும். நிதியைப் பொறுத்தவரை இவற்றின் கவனம் பெரும்பாலும் புதிய வீடுகளின் மீதே உள்ளது. புதிய வீடமைப்புத் தொகுதிக்குத் தண்ணீர் தேவை என்றால் இங்கு கேட்கலாம். அதே ஊற்றில் பழைய லயன்களும் தங்கியுள்ளன என்பதை அந்த விண்ணப்பத்தில் காட்டி, பொதுக் குழாய்வழியையும் சேர்த்துத் திருத்தச் சொல்லிக் கேட்பது நியாயமானதும் நடைமுறைக்கு உகந்ததுமாகும். அரசாங்கம் மாறும்போதெல்லாம் அமைச்சின் பெயரும் செயலாளரும் மாறிக் கோப்புகள் தேங்குவது இவ்வழியில் அடிக்கடி நிகழ்வதால், ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் திகதி முத்திரையுடன் சங்கம் வைத்திருக்க வேண்டும்.

தேசிய நீர் வழங்கல் மற்றும் வடிகாலமைப்புச் சபையின் இணைப்பைப் பெறுவதும் சிலருக்குச் சாத்தியமாகலாம். நகரத்தை ஒட்டிய தோட்டங்களுக்கு அது பொருந்தும். உயரமான தோட்டங்களுக்கு நீரைப் பம்பி மூலம் ஏற்ற வேண்டியிருக்கும். 2022 இலும் 2023 இலும் நீர்க்கட்டணம் உயர்த்தப்பட்டதை நினைவில் கொண்டால், மின்சாரமின்றித் தானே இறங்கி வரும் ஊற்றுநீரைக் கைவிடுவது தொழிலாளர் குடும்பங்களுக்கு இலாபகரமானதாகத் தெரியவில்லை.

கழிவுநீர் விடயத்தில் ஒப்பிடுவதற்கு இந்த அளவு வழிகள் இல்லை. குழாய் மூலமான கழிவகற்றல் முறைக்கான பெருமுதலீடு கண்டி போன்ற நகரங்களுக்கே சென்றுள்ளது. தோட்டங்களில் குழி மலசலகூடங்களும் நிரம்பி வழியும் மலக்கழிவுத் தொட்டிகளுமே உள்ளன. லயனுக்கு மேற்புறத்தில் இன்னொரு லயன், அதன் மலசலகூடக் குழிக்குக் கீழே ஊற்று என்ற அமைப்பு சரிவான நிலத்தில் சாதாரணமாகக் காணப்படுகிறது. கழிவுக் குழிக்கும் குடிநீர் மூலத்துக்கும் இடையில் குறைந்தது 15 மீற்றர் தூரம் வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. குழி மேற்புறத்தில் இருந்தால் அந்தத் தூரமும் போதாது. 2007 இல் கம்பளையில் குடிநீர் மாசடைந்து ஈரல் அழற்சி நோய் பரவியதை மலையகம் மறக்கவில்லை. ஆகவே குடிநீருக்கு ஒரு விண்ணப்பமும் மலசலகூடங்களுக்கு வேறொரு காலத்தில் வேறொரு விண்ணப்பமும் அனுப்புவதை விட, ஊற்றுக்கு மேலே உள்ள மலசலகூடங்களைத் திருத்துவதைக் குடிநீர் விண்ணப்பத்தின் உள்ளேயே ஒரு பகுதியாகச் சேர்ப்பது மேலானது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு நீரைப் பரிசோதித்து அறிக்கையை இணைத்தால், அதே விண்ணப்பம் சுகாதார வைத்திய அதிகாரியின் பரிந்துரையுடன் செல்லும். தண்ணீர் குறைவு என்ற முறைப்பாட்டை ஒத்திப்போடும் அலுவலகங்கள், தண்ணீரில் மலக்கிருமி உள்ளது என்ற அறிக்கையை அவ்வளவு எளிதில் ஒத்திப்போடுவதில்லை.

பெரும் பழுது, குறிப்பாக மண்சரிவால் ஏற்பட்டது, இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நிகழ்ந்த மண்சரிவும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் நிகழ்ந்த மண்சரிவுகளும், சரிவில் எதையும் பழைய இடத்திலேயே மீண்டும் கட்டிவிட முடியாது என்பதைக் காட்டின. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடு இல்லாமல் புதிய தொட்டியை அமைக்கக் கூடாது. இருபதாயிரம் லீற்றர் நீர் நிற்கும் தொட்டியொன்று இருபது தொன் எடையை நனைந்த சரிவின் மீது ஏற்றுகிறது. அந்த இடத்துக்குக் கீழே குடியிருப்பு இருந்தால் தண்ணீரை விட உயிரே முதலில் பார்க்கப்பட வேண்டியது. இத்தகைய பழுதுக்கு மாவட்டச் செயலகம் ஊடாக வரும் அனர்த்தப் புனரமைப்பு நிதியே உரியது. சேதத்தைப் புகைப்படத்துடன் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்யாத சங்கம் அந்தப் பட்டியலில் பின்னர் இடம்பிடிப்பது கடினம்.

எந்த மானியம் கிடைத்தாலும், மாத அறவீடு இல்லாத சங்கத்தின் திட்டம் மீண்டும் அதே நிலைக்கு வந்துவிடும். 80 குடும்பங்கள் மாதம் 150 ரூபா செலுத்தினால் ஆண்டுக்கு 1,44,000 ரூபா சேரும். பொருத்துகள், வால்வுகள், குளோரின், தொட்டியைக் கழுவி ஊற்றடியைத் துப்புரவாக்கும் ஒருவருக்கான கொடுப்பனவு ஆகியவற்றுக்கு இத்தொகை ஓரளவு ஈடுகொடுக்கும். சிறு பழுதுக்கு எந்த அலுவலகத்தையும் நாடாமல் இதிலிருந்தே செய்துகொள்வது சங்கத்தின் மதிப்பை உயர்த்தும். வங்கிப் புத்தகத்தில் இரண்டு ஆண்டு அறவீட்டைக் காட்டும் சங்கத்தின் கோப்பை எந்த உத்தியோகத்தரும் வேறு விதமாகவே பார்க்கிறார். வேலை நடக்கும்போது ஒப்பந்தக்காரரிடம் விடாமல் சங்கமே சமூக ஒப்பந்தமாக ஏற்றுக்கொள்ள இடமிருந்தால் அதைக் கேட்டுப் பெற வேண்டும். குழாய் எத்தனை அடி ஆழத்தில் புதைக்கப்பட்டது என்பது அதைப் புதைத்தவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த பழுதைத் தேடிப் போகப் போகிறவர்களும் அவர்களே.

ஆகவே என் பரிந்துரை இதுதான். நடுத்தரப் பழுதுள்ள சங்கம் திணைக்களத்தில் பதிவு செய்து மதிப்பீட்டைப் பெற வேண்டும். அதே மதிப்பீட்டைப் பகுதிகளாகப் பிரித்து, தொட்டியைப் பிரதேச சபையிடமும் பொருட்களின் ஒரு பகுதியைப் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிடமும் கேட்க வேண்டும். பிரதான குழாய்வழியைத் திணைக்களத்திடமே விட வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு அலுவலகங்களில் பணம் கேட்பதாகத் தோன்றாமல் இருக்க, எந்தப் பகுதி யாரிடம் கேட்கப்பட்டுள்ளது என்பதை எல்லா விண்ணப்பங்களிலும் வெளிப்படையாக எழுத வேண்டும். ஒதுக்கீடு என்னவாயிற்று என்று பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். விண்ணப்பத்தின் மீதான தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க அலுவலகம் கடமைப்பட்டுள்ளது.

காலத்தைப் பொறுத்தவரை மேற்குச் சரிவும் ஊவாவும் வேறுபடுகின்றன. அரச ஒதுக்கீடு பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதியில்தான் கைக்கு வருகிறது. செலவிடாத பணம் டிசம்பர் 31 உடன் காலாவதியாகிவிடும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் அந்த நடுப்பகுதி தென்மேற்குப் பருவமழைக் காலம். குழி தோண்டினால் மண் சரியும். பதுளை, பசறை, லுணுகலை பக்கம் அதுவே வறண்ட காலம், வேலைக்கு உகந்தது. எனவே மேற்குச் சரிவிலுள்ள சங்கங்கள் பொருட்களை ஆண்டுக்குள் கொள்வனவு செய்து இருப்பில் வைத்து, தங்கள் உழைப்புப் பங்கை ஜனவரி முதல் மார்ச் வரை செய்யும்படி உடன்பாடு கேட்பது நல்லது. ஊற்றை அளப்பதும் அந்தந்தப் பக்கத்தின் வறண்ட மாதங்களில்தான் நடக்க வேண்டும். 20 லீற்றர் வாளி நிறைய 25 செக்கன் எடுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 69,000 லீற்றர் கிடைக்கும். ஐந்து பேர் கொண்ட 80 குடும்பங்களுக்கு, ஆளுக்கு 100 லீற்றர் வீதம் 40,000 லீற்றர் போதும். அளந்த திகதியையும் வாளியின் கணக்கையும் விண்ணப்பத்தின் முதற்பக்கத்திலேயே எழுதிவிடலாம்.